கிரீஸ் போகணும்... ரேகை போகக் கூடாது! - ஒர்க்ஷாப் கைகளுக்கு எந்த ஹேண்ட் கிளீனர்?

ரேஷன் கடை வரிசையில் அடிக்கடி பார்க்கக்கூடிய காட்சி இது. விரலை வைக்கச் சொல்கிறார் விற்பனையாளர். மெஷின் ஏற்கவில்லை. "துடைச்சிட்டு வைங்கண்ணே" என்கிறார். சட்டையில் துடைத்துவிட்டு வைத்தாலும் ஏற்கவில்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், வலது கை, இடது கை என்று ஒரு சுற்று முடிந்ததும், "வீட்ல வேற யாரையாச்சும் வரச் சொல்லுங்க" என்பதில் வந்து நிற்கிறது. அப்படித் திரும்புகிறவர்களில் வயதானவர்கள் இருப்பார்கள். பாத்திரம் தேய்ப்பவர்கள், கட்டட வேலை செய்பவர்கள் இருப்பார்கள். கூடவே டூவீலர் மெக்கானிக்கோ, லேத் பட்டறைக்காரரோ ஒருவர் இருப்பார்.

2020 அக்டோபரில் தமிழக ரேஷன் கடைகளில் கைரேகைப் பதிவு வந்த பிறகுதான், தேய்ந்த விரல்கள் ஒரு குடும்பப் பிரச்னையாக மாறின. பிறகு கருவிழிப் பதிவு வந்தது ஓரளவு ஆறுதல். ஆனால், ரேகை மங்குவது ஒரு அறிகுறி மட்டும்தான். தோல் அதற்கு முன்பே கெட ஆரம்பித்திருக்கும். மலேசியாவில் கைகளில் தோல் அழற்சி இருந்த 100 பேரையும் அது இல்லாத 100 பேரையும் வைத்து மருத்துவர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். அழற்சி இருந்தவர்களில் 27 பேருக்கு கைரேகை இயந்திரம் கை விரித்துவிட்டது. மற்றவர்களில் 2 பேருக்கு மட்டுமே அப்படி ஆனது.

மெக்கானிக்கின் கை இரண்டு வழிகளில் தேய்கிறது. ஒன்று, வேலை. அதை மாற்ற முடியாது. இன்னொன்று, வேலை முடிந்ததும் அந்தக் கையைக் கழுவும் விதம். இது முழுக்க நம் கையில்தான் இருக்கிறது.

தட்டில் ஊற்றிய பெட்ரோல்

ஷெட்டில் சாயங்கால வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. பார்ட்ஸ் கழுவிய தட்டில் மிச்சமிருக்கும் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கையை முக்கி, இரண்டு தேய் தேய்த்து, பனியன் வேஸ்டில் துடைப்பது. அப்புறம் துணி துவைக்கும் பவுடரை ஒரு பிடி அள்ளி, கொஞ்சம் மரத்தூளோ மண்ணோ சேர்த்துக் கரகரவென்று தேய்ப்பது. கை பளிச்சென்று ஆகிவிடும். இந்த முறை வேலை செய்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. பிரச்னை அதுதான்!

நம் தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளலாம். காய்ந்த செல்கள் செங்கல். அவற்றுக்கு நடுவே பூசப்பட்ட சிமென்ட், உடம்பு தானே தயாரிக்கும் ஒருவகைக் கொழுப்பு. கிரீஸும் எண்ணெய்ப் பசை, இந்தச் சிமென்ட்டும் எண்ணெய்ப் பசை. பெட்ரோலுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கிரீஸைக் கரைக்கும்போதே சுவரின் பூச்சையும் சேர்த்துக் கரைத்துவிடுகிறது. கழுவிய அரை மணி நேரத்தில் கை வெளுத்து, இழுத்துப் பிடித்ததுபோல ஆவதற்குக் காரணம் இதுதான். இதையே வருடக்கணக்கில் செய்தால் சுவரில் விரிசல் விழுகிறது. உள்ளங்கைத் தோல் தடிமனானது, கொஞ்ச காலம் தாங்கும். விரல் இடுக்கும் புறங்கையும் மெல்லியவை. வெடிப்பு முதலில் அங்கேதான் வரும்.

அதன் மேல் துணி பவுடர் வேறு. அதில் சலவை சோடா உண்டு. நல்ல தோலின் பி.ஹெச் அளவு 5-ஐ ஒட்டி, லேசான அமிலத்தன்மையோடு இருக்கும். சாதாரணக் குளியல் சோப்பே 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். சலவை பவுடர் அதையும் தாண்டும். சட்டைக் காலருக்காகச் செய்த ஒன்றை, வெடித்த கையில் போட்டுத் தேய்ப்பதை என்னவென்று சொல்வது?

வெடிப்பு விழுந்த பிறகு பெட்ரோல் மேலோடு நிற்காது. அதில் பென்சீன் என்ற பொருள் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பட்டியலில் அதை வைத்திருக்கிறது. நம் நாட்டு பெட்ரோலில் பென்சீன் 1 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பி.எஸ். 6 விதி. கேட்க சின்ன அளவுதான். தினமும் இரண்டு வேளை கையை அதில் முக்குகிறவருக்கு அது சின்ன அளவு இல்லை. மூச்சிலும் போகிறது, தோல் வழியாகவும் போகிறது.

தீ பற்றி மெக்கானிக்குகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் பெட்ரோல் ஈரம் காயாத கையோடு பீடி பற்றவைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மைனஸ் 40 டிகிரியில்கூட தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியை விடும் திரவம் அது. நம்ம ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம்.

மதியச் சாப்பாட்டையும் யோசிக்க வேண்டும். ஸ்பூன் வைத்தா சாப்பிடுகிறோம்? ரசம் சாதத்தைப் பிசைவது அந்த விரல்கள்தான். நகக்கண்ணில் இருப்பது எல்லாம் சாதத்தோடு உள்ளே போகிறது. பேட்டரி கடையிலும், ரேடியேட்டருக்கு ஈயப் பற்றவைப்பு செய்யும் இடத்திலும் இது இன்னும் தீவிரம். அங்கே கையில் ஒட்டுவது ஈயம். அது துணியோடு வீட்டுக்கும் வரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் உலோகம் அது. அந்த வேலைத் துணியைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்து ஊறப்போடவே கூடாது.

ஊறுகாய் ஜாடியில் விற்ற கிளீனர்

இந்தப் பிரச்னை நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்கு மட்டும் வந்ததல்ல. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்து ரப்பர் ஆலைகளில் வேலை செய்தவர்களின் கைகளில் கிராஃபைட்டும் தாரும் அப்பிக் கிடந்தன. அதை எடுக்க அவர்கள் பயன்படுத்தியது மண்ணெண்ணெயும் பென்சீனும். தோல் வெந்துபோனது. அங்கே வேலை பார்த்த கோல்டி லிப்மேன் என்ற பெண்ணும் அவருடைய கணவர் ஜெர்ரியும், கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் ஒருவரை அணுகி, தண்ணீரில்லாமலே அழுக்கை எடுத்து, தோலைக் கெடுக்காத ஒரு கிளீனரை உருவாக்கினார்கள். 1946-ல் தொடங்கிய அந்த வியாபாரத்துக்கு மிக்ஸர், வீட்டு வாஷிங் மெஷின். பாட்டில், ஹோட்டல்களில் வாங்கிய காலி ஊறுகாய் ஜாடி. கோஜோ என்ற நிறுவனம் அப்படித்தான் பிறந்தது.

அந்தக் கதையில் நமக்கு வேண்டிய பகுதி அடுத்து வருகிறது. கிளீனரை வாங்கிய கேரேஜ் முதலாளிகள், பசங்க அள்ளி அள்ளிப் பூசிச் சீக்கிரம் காலி செய்துவிடுகிறார்கள் என்று புகார் சொன்னார்கள். அதற்குத் தீர்வாக, ஒரு அழுத்துக்கு ஓர் அளவு மட்டும் வரும் டிஸ்பென்சரை ஜெர்ரி வடிவமைத்தார். இன்று ஹோட்டல் வாஷ்பேசின்களில் நாம் அழுத்தும் சோப்பு டப்பாக்களுக்கு முன்னோடி அதுதான். கொரோனா காலத்தில் உலகமே தேடிய பியூரெல் சானிட்டைசரும் இதே நிறுவனத்தின் தயாரிப்பு. சானிட்டைசர் கிரீஸை எடுக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். எண்ணெய்ப் பிசுக்குள்ள கையில் அது கிருமியைக்கூடச் சரியாகக் கொல்லாது.

இங்கிலாந்தின் கதை இன்னும் வேடிக்கை. ஆட்லி வில்லியம்சன் என்பவர் பட்டுக் காலுறைகளைப் பாதுகாக்க ஒரு கலவை செய்து வந்தார். நைலான் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. கையில் சரக்கு மிச்சம். மிருதுவான பட்டுக்காகச் செய்த அந்தச் சரக்கிலிருந்துதான், 1947-ல் ஸ்வார்ஃபெகா என்ற பச்சை நிற ஜெல் வந்தது. ஸ்வார்ஃப் என்றால் லேத்தில் சீவி விழும் உலோகச் சுருள். பெயரே பட்டறையிலிருந்து எடுத்ததுதான்.

எந்த அழுக்குக்கு எது?

கடையில் போய் 'ஹெவி டியூட்டி' என்று கேட்டால் எல்லாமே ஹெவி டியூட்டிதான். கையில் இருப்பது என்ன என்று பார்த்து வாங்குவதுதான் சரி. பட்டறைக் கிளீனர்களுக்குள் பொதுவாக மூன்று சங்கதிகள் இருக்கும். எண்ணெயைப் பிடித்துத் தண்ணீரோடு இழுத்துச் செல்லும் சோப்புப் பொருள் ஒன்று. கெட்டிப்பட்ட கிரீஸைக் கரைக்கும் கரைப்பான் ஒன்று. நகக்கண், ரேகைக் கோடுகளில் இருப்பதை நெம்பி எடுக்கும் நறநறப்பு ஒன்று. மூன்றும் எல்லோருக்கும் வேண்டியதில்லை.

ஸ்கூட்டர் சர்வீஸ், ஆயில் மாற்றுவது, செயின் வேலை என்றால், கரைப்பான் இல்லாத, லேசான நறநறப்பு உள்ள கிரீமோ ஜெல்லோ போதும். தினசரி வேலைக்கு முதல் தேர்வு அதுதான். டப்பாவில் பி.ஹெச் அளவு போட்டிருந்தால் 5-லிருந்து 7-க்குள் இருப்பது நல்லது.

லாரி ஷெட், எஞ்சின் போரிங், டிரான்ஸ்மிஷன் வேலை என்றால் அழுக்கு வேறு மாதிரி. கரி கலந்த கறுப்பு ஆயில், காய்ந்த கிரீஸ். சோப்புப் பொருள் மட்டும் திணறும். இங்கேதான் கரைப்பான் உள்ள வகைக்கு நியாயம் இருக்கிறது. பழைய வகைகளில் வாசனை நீக்கிய பெட்ரோலிய எண்ணெய் இருக்கும். தட்டில் ஊற்றிய பெட்ரோலைவிட ஆபத்து குறைவு என்றாலும், தோலின் எண்ணெய்ப் பசையை அதுவும் இழுக்கும். இப்போது ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கும் லிமோனீன், சோயா எண்ணெயிலிருந்து செய்யும் கரைப்பான் எல்லாம் வருகின்றன.

'ஆரஞ்சு' என்றதும் இயற்கை, பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம். லிமோனீன் காற்றுப் பட்டுப் பழசாகும்போது உருவாகும் பொருள்கள் அலர்ஜியைத் தூண்டக்கூடியவை. மூடி உடைந்து மாதக்கணக்கில் திறந்து கிடக்கும் டப்பா என்றால் தூக்கிப் போட்டுவிடுவதே மேல். கெடாமல் இருக்கச் சேர்க்கும் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பொருளையும் லேபிளில் தேடிப் பாருங்கள். நீளமான பெயர்தான், ஆனால் பார்த்துவைத்துக்கொள்வது பயன் தரும். 2013-ல் அமெரிக்கத் தோல் அழற்சி மருத்துவர் சங்கம் 'அந்த ஆண்டின் அலர்ஜி' என்று பெயர் சூட்டிய அளவுக்கு அது பலருக்குத் தொல்லை கொடுத்தது.

நறநறப்பு விஷயத்தில் நம் பட்டறைகள்தான் ரொம்பத் தாராளம். மண், செங்கல் தூள், மரத்தூள், பாத்திரம் தேய்க்கும் பவுடர், சில இடங்களில் எமரி பேப்பர்கூட! இவை எல்லாம் அழுக்கோடு ரேகையின் மேட்டையும் சேர்த்து இழைப்பவை. மரத்தூளில் சிராய் இருக்கும், சில மரங்களின் தூளே அலர்ஜி. நல்ல கிளீனர்களில் பியூமிஸ் என்ற எரிமலைக் கல் தூளையோ, வால்நட் ஓட்டுத் தூளையோ, மக்காச்சோளக் கதிர்த் தண்டுத் தூளையோ நைஸாக அரைத்துப் போட்டிருப்பார்கள். விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பார்த்தால் ரவை மாதிரி உருள வேண்டும், உப்புத்தாள் மாதிரி கீறக் கூடாது. பிளாஸ்டிக் மணிகள் போட்டவையும் உண்டு. அவை சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போகின்றன. கழுவிவிடும் அழகுப் பொருள்களில் அவற்றைச் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்கா 2015-லேயே சட்டம் போட்டுவிட்டது.

லேத், மில்லிங் வேலைக்காரர்களின் கணக்கு தனி. கூலன்ட்டில் நாள் முழுக்க நனைந்து தோல் ஏற்கெனவே ஊறியிருக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத இரும்புப் பிசிறும் ஒட்டியிருக்கும். இந்தக் கையை நறநறப்பு போட்டுத் தேய்த்தால், பிசிறே கத்தியாக வேலை செய்யும். முதலில் ஓடும் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும், பிறகு மிருதுவான லிக்விட் போதும். பிசிறு ஒட்டிய அதே பனியன் வேஸ்டில் கை துடைப்பதும், ஏர் கன்னைக் கையில் பிடித்து ஊதுவதும் வேண்டாம். அழுத்தக் காற்று தோலைத் துளைத்து உள்ளே போகும்.

பெயின்ட்டர்களும் சிவகாசி அச்சகத் தொழிலாளர்களும் தின்னருக்கும் மண்ணெண்ணெய்க்கும் பழகியவர்கள். எண்ணெய் பெயின்ட்டும் மையும் காய்வதற்கு முன்னால், கொஞ்சம் சமையல் எண்ணெய் விட்டுத் தேய்த்தாலே நெகிழ்ந்து வரும். பிறகு சோப்பு. கிரீஸுக்கும் இது பொருந்தும். தேங்காய் எண்ணெய் ஒரு ஸ்பூன், சர்க்கரை ஒரு ஸ்பூன் சேர்த்துத் தேய்த்துவிட்டு, மிருதுவான சோப்பு போட்டுக் கழுவிப் பாருங்கள். சர்க்கரை தண்ணீரில் கரைந்துவிடும், சாக்கடையும் அடைக்காது. பணம் போட்டுக் கிளீனர் வாங்க முடியாத சின்ன ஷெட்டுக்கு இதைவிட நல்ல மாற்று இல்லை. கொங்கு நாட்டில் எண்ணெய்க் குளியலுக்குப் போடும் அரப்பும், பூந்திக்கொட்டையும் இதே தத்துவம்தான். எண்ணெயை எடுக்கும் நுரைப் பொருள் அவற்றில் இயற்கையாகவே இருக்கிறது.

விலையா, அளவா?

'அதெல்லாம் கட்டுப்படியாகாது' என்பதுதான் வழக்கமான பதில். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் கிளீனர் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அழுத்துக்கு 3 மி.லி வந்தால் 333 முறை கழுவலாம். ஒரு முறைக்கு 1 ரூபாய் 80 காசு. ஒரு முறை கை கழுவ 25 மி.லி பெட்ரோல் ஊற்றினால், லிட்டர் 100 ரூபாய் விலையில் அதுவே இரண்டரை ரூபாய். பெட்ரோல் இலவசம் போலத் தெரிவதற்குக் காரணம், அதற்கு யாரும் தனியாக பில் போடாததுதான்.

ஆனால், பம்ப் இல்லாமல் வாய் அகன்ற டப்பாவாக வாங்கினால் இந்தக் கணக்கு ஒரே வாரத்தில் காலி. ஆளாளுக்கு நாலு விரலால் அள்ளுவார்கள். அழுக்கும் டப்பாவுக்குள் போகும். ஷெட்டுக்கு வாங்கும்போது பம்ப் வைத்த பாட்டில்தான் வாங்க வேண்டும். அதைக் குழாய்க்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். ஆபீஸ் மேஜை டிராயருக்குள் பூட்டி வைத்தால் பசங்க பெட்ரோல் தட்டுக்கே திரும்பிப் போவார்கள்.

பயன்படுத்தும் முறையில் பலர் தவறுவது ஓரிடத்தில். கையை முதலில் நனைத்துவிடுகிறார்கள். இந்த வகைக் கிளீனர்களில் பெரும்பாலானவற்றை உலர்ந்த கையில்தான் பூச வேண்டும். தண்ணீர் முதலில் பட்டால் கிரீஸுக்கு மேலே நீர்ப்படலம் நின்று, கிளீனர் உள்ளே இறங்காது. உலர்ந்த கையில் எடுத்து, விரல் இடுக்கு, நகக்கண், மோதிரத்துக்கு அடி என்று அரை நிமிடம் உருட்ட வேண்டும். அழுக்கு நெகிழ்ந்து ஓடும்போது, கொஞ்சம் தண்ணீர் தொட்டு, பிறகு முழுக்கக் கழுவ வேண்டும். அழுக்கு பக்கெட்டில் ஐந்து பேர் கை முக்குவது கழுவுவதில் சேராது. ஒரு மக் என்றாலும் ஊற்றிக் கழுவுவதே மேல்.

கழுவி, துடைத்து, உடனே கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரோ, வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியோ தடவ வேண்டும். 'கிரீம் தடவுற வேலையெல்லாம் நமக்கு எதுக்குங்க' என்று கூச்சப்படுகிறவர்கள் பலர். போன சுவர்ப் பூச்சைத் திருப்பிப் பூசுகிற வேலைதான் அது. காலையில் வேலைக்கு முன்பும் ஒருமுறை தடவினால் அழுக்கு ஆழமாக ஒட்டாது, சாயங்காலம் கழுவுவதும் சுலபம். அதற்காக அதைக் கையுறைக்கு மாற்றாக நினைக்கக் கூடாது.

கையுறை என்றால் நைட்ரைல். வெள்ளை ரப்பர் கையுறை பெட்ரோலிலும் ஆயிலிலும் உப்பிக் கிழிந்துவிடும். ஓடுகிற லேத், டிரில் பக்கத்தில் மட்டும் எந்தக் கையுறையும் கூடாது. சுற்றும் பாகம் கையுறையைப் பிடித்தால் கையோடு இழுத்துவிடும்.

பேன்ட் பாக்கெட்டில் திணித்து வைக்கும் ஆயில் வேஸ்ட்டைப் பற்றியும் வீட்டில் இருப்பவர்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகளில் மெஷின் எண்ணெய் நாள் முழுக்க பேன்ட்டில் ஊறியதால், தொழிலாளர்களுக்கு விரைப்பைத் தோலில் புற்றுநோய் வந்தது மருத்துவ வரலாற்றில் பதிவான ஒன்று. இன்றைய சுத்திகரித்த எண்ணெய் அந்தக் கால எண்ணெய் இல்லைதான். ஆனால் எஞ்சினில் ஓடிக் கறுத்த ஆயிலில், எரிந்த எரிபொருளின் கழிவும் சேர்ந்திருக்கிறது. கையைக் கழுவிவிட்டு அந்தத் துணியைத் தொடையோடு வைத்துக்கொண்டு சுற்றினால், கழுவியதற்கு அர்த்தமே இல்லை.

தொழிலாளர்கள் கை கழுவத் தேவையான வசதி செய்துதர வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே தனிப் பிரிவு எழுதியிருந்தார்கள். சாலையோர ஷெட்டுகள் பெரும்பாலும் தொழிற்சாலை என்ற கணக்கிலேயே வருவதில்லை. அங்கே ஒரு குழாயும் ஒரு பம்ப் பாட்டிலும் வைப்பது முதலாளியின் மனசைப் பொறுத்தது. வேலை பழக வரும் பையனுக்கு ஸ்பேனர் நம்பர் சொல்லித்தரும் முதல் வாரத்திலேயே இதையும் சொல்லித்தந்துவிடலாம்.

எப்போது டாக்டர்?

விரல் இடுக்கில் அரிப்பு, சிவப்பு, நீர் கோத்த சின்னக் கொப்புளம், ஆறாத வெடிப்பு. இதில் ஏதாவது இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், மெடிக்கல் ஷாப்பில் களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டே காலம் ஓட்ட வேண்டாம். மெடிக்கலில் கேட்டதும் கிடைக்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு உண்டு. சில நாள் அடங்கிவிட்டுத் திரும்ப வரும், தோலும் மெலிந்துவிடும்.

காரணம் வேலைதானா என்று தெரிந்துகொள்ள வீட்டில் இருப்பவர்களே கவனிக்கக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ நாலு நாள் ஷெட் மூடியிருக்கும்போது கை தேறுகிறதா, திறந்ததும் மறுபடி மோசமாகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் காரணம் பட்டறையில்தான் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போய் அதைச் சொல்லலாம். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் சின்னச் சின்னப் பட்டையாக ஒட்டி, இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் மூலம், அலர்ஜி ஆயிலா, கையுறை ரப்பரா, கிளீனரே காரணமா என்று கண்டுபிடிப்பார்கள். போகும்போது பயன்படுத்தும் கிளீனர் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள். முடியாவிட்டால், அதன் லேபிளை செல்போனில் படம் எடுத்துக்கொண்டாலும் போதும்.